பந்தயக் கிளட்ச்

அந்தக் கிளட்சைத் தேர்ந்தெடுத்தவன் நான். அந்த வண்டிக்கு அது ஆகாது என்று தெரிந்தேதான் தேர்ந்தெடுத்தேன். பிறகு பழியை இன்னொருவன் தலையில் போட்டேன்.

இத்தனை காலமும் இதை எவரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். ஏன் உங்களிடம்? உங்களுக்கு என்னைத் தெரியாது... அதனால்தானோ என்னவோ!

அப்போது நான் இலங்கை மலைநாட்டில், ஹட்டனில் ஒரு கராஜில் மெக்கானிக். சுப்பையா பாஸ் என்பார்கள். கைவேலை தெரிந்தவனுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பட்டம். வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. அப்படிப் போன ஒரு துரையின் காரை, கடைவீதியில் இரும்புக் கடை வைத்திருந்த சண்முகம் முதலாளி வாங்கினார்.

பார்வைக்குச் சாதுவான பச்சைக் கார். ஆனால் துரை அதன் என்ஜினைப் பந்தயத்துக்காகவே முடுக்கி வைத்திருந்தார். ஆக்ஸிலேட்டரைத் தொட்டால் எதிர்மலையிலிருந்து முழக்கம் திரும்பி வரும்!

குறை ஒன்றே ஒன்று. ஏற்றத்தில் என்ஜின் அலறும், வண்டி ஏறாது. என்ஜினின் விசையைச் சக்கரத்துக்குக் கடத்தவேண்டிய கிளட்ச், அத்தனை விசையைத் தாங்கமாட்டாமல் வழுக்கியது. புதிது போடவேண்டும்.

முதலாளிக்கு ஓர் ஆசை இருந்தது. சித்திரையில் நுவரெலியாவில் நடக்கும் மலையேற்றப் பந்தயத்தில் தம் கார் ஓடவேண்டும். தம் டிரைவர் வேலாயுதம் அதை ஓட்டவேண்டும். வேலாயுதம் நோர்வூட்டுப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், கூலிகளின் வரிசை வீடான லயத்திலே பிறந்தவன். அதிகம் பேசமாட்டான். என்னைவிடப் பத்து வயது இளையவன். என்னை அண்ணே என்பான்.

கொழும்பிலிருந்து விலைப்பட்டியல் புத்தகம் வந்தது. அதில் மூன்று கிளட்சுகள். ஒன்று, பழையதைப் போன்றதே. இரண்டாவது, ஸ்பிரிங்குகள் சற்றே கடினமானவை. வீதியிலும் ஓடலாம், மலையும் ஏறலாம். மூன்றாவது, முழுப் பந்தயக் கிளட்ச். அதன் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: பெடலிலிருந்து கிளட்சுக்குப் போகும் இழுகம்பியையும் கனமானதாக மாற்றாமல் இதைப் பொருத்தக்கூடாது.

அந்த வரியை நான் வாசித்தேன். வாசித்தேன்! அங்கிருந்தவர்களில் இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

"நடுவுல உள்ளதே போதும்ணே," என்றான் வேலாயுதம். "பந்தயம் ஒரு நாளுதான். மத்த நாளெல்லாம் நான் இதுலதான கடைச் சாமான் ஏத்திக்கிட்டுப் போகணும்."

முதலாளி என்னைப் பார்த்தார். "நீ சொல்லு சுப்பையா."

"பெரிய பந்தயக்காரங்க எல்லாம் மூணாவதுதானுங்க போடுறாங்க," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அந்தக் கார் நுவரெலியா ஏற்றத்தில் துரைமாரின் கார்களை முந்தும்போது, கிளட்ச் போட்டது யாரென்று ஊர் கேட்கும் அல்லவா! அந்த ஒரு கேள்விக்காக... கனமான கம்பி வர இன்னும் மூன்று வாரம் ஆகுமென்றார்கள். காத்திருக்க எனக்குப் பொறுமையில்லை. பழைய கம்பியிலேயே பொருத்தினேன்.

பெடல் கல்லாக இருந்தது. வேலாயுதம் முழங்காலைத் தடவிக்கொண்டு சிரித்தான். ஆனால் இழுவை! அன்று அந்தக் கார் ஏறியதைப்போல் எதுவும் மலை ஏறி நான் கண்டதில்லை.

பந்தயத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, சோதனை ஓட்டமாக இருவரும் பொகவந்தலாவை வரை போய்த் திரும்பினோம். பிற்பகல் இடிமழை. ஒரு வளைவில் நாலைந்து பேர் கைகளை விரித்துக்கொண்டு குறுக்கே நின்றார்கள். கம்பளியில் தூளிகட்டி ஒரு பெண்ணைச் சுமந்து வந்திருந்தார்கள். பிரசவ வேதனை. முதல் நாள் இரவு தொடங்கியதாம்.

"தோட்டத்து லொறி பழுதாக் கெடக்குதுங்க," என்று மருத்துவச்சி அழுதாள். "புள்ள குறுக்க நிக்குது. டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலைன்னா ரெண்டும் தங்காதுங்க!"

பின்னிருக்கையில் படுக்கவைத்தோம். மருத்துவச்சி மட்டும் கூட ஏறினாள். அந்தப் பெண்ணின் புருஷன் மலைக்காட்டில் வேலையில் இருந்தான். அவனுக்கு ஆள் போயிருந்தது.

ஒரு மைல் போயிருப்போம். எதிரே பஸ். ஒதுங்குவதற்காக வேலாயுதம் கிளட்சை மிதித்தான். கீழே படாரென்று ஒரு சத்தம். வண்டி ஒருமுறை துள்ளி நின்றுவிட்டது. பெடல் உயிரில்லாமல் தரையில் கிடந்தது.

இறங்கிக் குனிந்து பார்த்தேன். இழுகம்பி இரண்டாக ஒடிந்து தொங்கியது. என்ன நடந்ததென்று எனக்கு அந்தக் கணமே தெரியும்.

"இனி ஓடாது வேலு. வேற வண்டிதான் பாக்கணும்."

அவன் பின்னிருக்கையைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பெண் இப்போது முனகவுமில்லை.

"ஏறுங்கண்ணே. தலைய வெளிய நீட்டிச் சத்தம் போட்டுக்கிட்டே வாங்க. என்னால நெனச்ச எடத்துல நிறுத்த முடியாது."

முதல் கியரில் போட்டு ஸ்டார்ட்டரை அழுத்தினான். ஸ்டார்ட்டரே வண்டியை இழுத்தது, இறக்கம் கை கொடுத்தது, என்ஜின் உயிர்த்தது. அதன்பின் நான் கண்டதை உங்களுக்கு எப்படிச் சொல்வேன்!

கிளட்ச் இல்லாமல் கியர் மாற்றுவதென்றால், என்ஜினின் சுழற்சியும் சக்கரத்தின் சுழற்சியும் ஒத்துப்போகும் அந்த ஒரு கணத்தைப் பிடிக்கவேண்டும். தவறினால் பல்லோடு பல் அரைபடும். அவன் கண் வீதியில் இருந்தது, காது என்ஜினில். ஆக்ஸிலேட்டரிலிருந்து பாதத்தை இம்மியளவு எடுப்பான். இரண்டு விரலால் கியரைத் தொடுவான். அது வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் விழும். ஒருமுறைகூட அரைபடவில்லை. ஒருமுறைகூட!

மழை கண்ணாடியை மறைத்தது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். நான் வெளியே தலை நீட்டி, "வழி! வழி!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கத்தியபடியே அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் முகத்தில் பயமில்லை, அவசரமுமில்லை. இருபது வருடம் என்ஜின்களைப் பிரித்துப் பூட்டியவன் நான். என்ஜினோடு ஒரு மனிதன் இப்படிப் பேச முடியுமென்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

நோர்வூட் கடைவீதியில் ஒரு லொறி குறுக்கே நின்றது. சுவிட்சை அணைத்து நிறுத்தினான். லொறி நகர்ந்ததும் மறுபடி ஸ்டார்ட்டரை அழுத்தினான். இம்முறை இறக்கமில்லை. ஸ்டார்ட்டர் கதறியது, எங்கோ உள்ளே பல் நொறுங்கும் ஓசை... ஆனாலும் வண்டி நகர்ந்தது. அப்புறம் டிக்கோயா ஏற்றம். வளைவுக்கு வளைவு கியரை இறக்கி இறக்கி ஏற்றினான்.

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியதும் அவன் இறங்கி ஆள் கூப்பிட உள்ளே ஓடினான். தாழ்வாரத்தில் காத்திருந்தோம். பொழுது சாயும் நேரத்தில் உள்ளே ஒரு குழந்தை வீரிட்டது. தாயும் பிழைத்தாள். பெண் குழந்தை என்று தாதி வந்து சொன்னாள். வேலாயுதம் சுவரில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டான்.

நான் அவனைக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கவேண்டும். மனம் கும்பிட்டது, கை எழவில்லை.

மறுநாள் முதலாளி கராஜுக்கு வந்தார். ஸ்டார்ட்டர் போயிருந்தது, அது பற்றும் பல்சக்கரமும் போயிருந்தது. பந்தயத்துக்குள் சரிசெய்ய வழியில்லை. அவர் முகம் கறுத்துக் கிடந்தது.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது புண்ணியந்தான்," என்றார். "ஆனா கம்பி ஏன்டா ஒடஞ்சுது?"

"தானா ஒடஞ்சுதுங்க மொதலாளி. சும்மா மிதிச்சேன், அவ்வளவுதான்," என்றான் வேலாயுதம். என் பக்கம் பார்த்தான். குற்றம் சாட்டும் பார்வையன்று. சாட்சிக்கு அழைக்கும் பார்வை.

முதலாளியும் என் பக்கம் திரும்பினார்.

அந்த வாக்கியத்தை இன்றும் எழுத்துக்கு எழுத்து சொல்வேன். "எந்நேரமும் பெடல் மேலயே கால வச்சுக்கிட்டு ஓட்டுனா, எந்தக் கம்பியும் ஒடையத்தானுங்க செய்யும்."

அவ்வளவுதான். வேலாயுதம் சாவியை எடுத்து முதலாளியின் மேசைமேல் வைத்துவிட்டு நடந்தான்.

பந்தயக் காரை உடைத்தவன் என்ற பேச்சு கடைவீதி முழுக்கப் பரவியது. அதன்பின் அவனுக்கு யார் வண்டி கொடுப்பார்கள்? சில மாதங்கள் லொறிகளில் மூட்டை ஏற்றினான். பிறகு மனைவி மக்களோடு இந்தியாவுக்குப் போக முடிவெடுத்தான். அவன் பாட்டன் விட்டு வந்த, அவன் கண்டறியாத இந்தியா!

போவதற்கு முன் கராஜுக்கு வந்தான். நான் ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். வெளியே வரவில்லை. அவன் குந்தி உட்கார்ந்து, குனிந்து என்னைப் பார்த்தான்.

"அண்ணே, இனிமே அந்த மாதிரி கிளட்ச் போட்டா கம்பியையும் தடிச்சதாப் போடுங்க. பாவம், ஓட்டுறவன் மாட்டிக்குவான்."

கோபமில்லை அந்தக் குரலில். அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்துமா அன்று என்னை மறுக்காமல் போனான்? ஏன்? என்னைக் காப்பாற்றவா? தன் சொல் எடுபடாது என்றா? கேட்டிருக்கலாம்... சில அடி தூரம்தான். நான் ஒரு திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தேன். அது ஏற்கனவே இறுகித்தான் இருந்தது.

இத்தோடு முடிந்ததென்று எண்ணுகிறீர்களா? இல்லை.

அவன் போன மறுமாதம் ஒரு தொழிலாளி கராஜைத் தேடி வந்தான். கையில் வெற்றிலையும் தேங்காயும் வைத்த தட்டு. அந்தப் பெண்ணின் புருஷன்.

"பொகவந்தலாவையிலேருந்து வாரேனுங்க. அன்னைக்கு எம் பொஞ்சாதிய ஏத்திக்கிட்டுப் போனது நீங்கதானுங்களா? மருத்துவச்சி இந்தக் கராஜு பாஸுன்னு சொன்னாங்க."

ஓட்டியவன் வேலாயுதம் என்ற உண்மையைச் சொன்னால் அவன் நேரே முதலாளியிடம் போவான். நன்றி சொல்வான். ஒரே மிதியில் கம்பி ஒடிந்தது உட்பட, மருத்துவச்சி கண்ணால் கண்டதெல்லாம் வெளியே வரும்... நான் ஆமென்று தலையசைத்தேன்.

அவன் என் காலைத் தொடக் குனிந்தான். நான் தடுக்கவில்லை.

"ஒங்க பேரச் சொல்லுங்கய்யா. ஒங்களத் தேடிப் புடிச்சுத்தான் புள்ளைக்குப் பேரு வைக்கணும்னு இருந்தோம்."

சொன்னேன்.

பல வருடங்கள் கழித்து, தேர்த் திருவிழாக் கூட்டத்தில் ஒரு தாய், "சுப்பம்மா! ஏ சுப்பம்மா!" என்று கூப்பிட்டாள். இரட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி சிரித்துக்கொண்டே ஓடினாள். அது வேறு எந்தச் சுப்பம்மாவாகவும் இருக்கலாம். ஆனால் நான் தேர் பார்க்காமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.