இல்லாத பெரியம்மா

எண்பத்தெட்டாம் ஆண்டு நாட்குறிப்பில் பெப்ரவரி மாதத்துச் செவ்வாய் ஒன்றுக்கு நேரே நான்கு சொற்கள் இருக்கின்றன: "மழை. ஒன்பதரைக்கு ஒப்பரேஷன். நலம்." அவ்வளவும் உண்மை. பிற்பகலை மட்டும் நான் எழுதவில்லை.

தமிழரின் குடும்ப இணைப்பு விண்ணப்பங்கள் கோபன்ஹேகனில் அசையாமல் கிடந்த காலம். அவற்றுள், ஊரிலிருந்த என் பெற்றோரை அழைக்க நான் போட்டதும் ஒன்று. டென்மார்க்கின் சிற்றூரான பிராண்டேயில் எங்களுக்கு மேல்வீட்டில் உகண்டாவிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தார். முதியோர் இல்லத்தில் வேலை. மனைவிக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்ததும் அவர்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தார். டொக்டர் என் மனைவியிடம் தனியே பேசத் தொடங்கியபோது கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எங்கள் ஊரில் நோய்ச் செய்தியை ஒருவர் தனியே கேட்பதில்லை, எல்லோருக்கும் சொல்லுங்கள் என்றார். டொக்டரும் உட்கார்ந்தார்.

மனைவியை விட மூத்தவர் என்பதால், எங்கள் நாலு வயது மகளுக்கு அவரைப் பெரியம்மா என்று அழைக்கப் பழக்கியவர்கள் நாங்களே.

மகளின் பாலர் பள்ளியில், வீட்டில் உன்னை யார் பார்க்கிறார்கள் என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்டு, சொன்னதை அப்படியே எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். மகள் பெரியம்மாவை நினைத்து "மொஸ்டர்" என்றிருந்தாள். டேனிஷில் அது தாயின் உடன்பிறந்தாளை மட்டுமே குறிக்கும். திங்கட்கிழமை ஆசிரியை சிரித்தபடி, மனைவியின் சகோதரி இங்கேயா இருக்கிறார் என்று கேட்டார். டென்மார்க்கில் எமக்கு உறவினர் எவரும் இல்லை என்று பொலிஸ் விசாரணையில் நான் கையெழுத்திட்டிருந்தேன். அது பொய் என்று யாரும் எடுத்தால் பெற்றோரின் விண்ணப்பம் போய்விடும் என்பதுதான் கண்ணுக்குள் நின்றது. அப்படி ஒருவரும் இல்லை, பிள்ளை கற்பனையாகச் சொல்கிறது என்றேன்.

எப்போதும் டேனிஷில் பதில் சொல்கிற மகள், அன்று பக்கத்தில் நின்று தமிழில் சொன்னாள்.

"இருக்கிறா அப்பா. மேல்வீட்டில."

நான் அவளுடைய சப்பாத்துப் பட்டியைப் பூட்டினேன். ஆசிரியை சுவரிலிருந்த அவளுடைய தாளைக் கழற்றினார்.

மறுநாள் நான் ஆஸ்பத்திரியில் நிற்க, பேசிக்கொண்டபடி மேல்வீட்டுப் பெண் வேலை முடிந்து மூன்று மணிக்கு மகளைக் கூட்டிவரப் போயிருக்கிறார். பெரியம்மா என்று மகள் ஓடியிருக்கிறாள். தகப்பனே அப்படி ஒருவரும் இல்லை என்றதால் ஆசிரியை பிள்ளையை விடவில்லை. ஐந்து மணிக்கு நான் வந்தபோது மகள் மேலங்கியோடு யன்னலில் நின்றாள். அவர் வேலிக்கு வெளியே, பிள்ளையின் கண்ணில் படும் இடத்தில், மழையில் நின்றார். என்னைக் கண்டதும் ஒப்பரேஷன் எப்படி என்றுதான் கேட்டார். பிறகு, பிள்ளைகளை நன்றாகக் காவல் காக்கிறார்கள், நல்லது என்றார். நான் தலையாட்டினேன்.

மனைவியிடம் புதன்கிழமை சொன்னேன். அவள் கூரையைப் பார்த்தபடி கிடந்தாள்.

"மழை பெய்ததை எல்லாம் கொப்பியில எழுதுவியள். அவ நனைஞ்சதை எழுதினனீங்களோ?"

"இல்லை."

"அவவிட்டையாவது உள்ளதைச் சொன்னனீங்களோ?"

அதுவும் இல்லை. வியாழக்கிழமை ஆசிரியையிடம் மட்டும் உள்ளதைச் சொன்னேன். அவர் புதிய தாள் எடுத்து, மகளிடம் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார். மகள் பதில் சொல்லுமுன் என் முகத்தைப் பார்த்தாள்.