ஊசி கொண்டுவந்த அம்மை

வேப்பிலை கசங்கும் வாசனை எங்கிருந்து வந்தாலும் எனக்குக் கோபம் வந்துவிடுகிறது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் யாரோ ஒரு கொத்தை ஒடித்துக்கொண்டு போவார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். மரம் என்ன செய்யும், பாவம்.

தங்கைக்கு எலும்பு மஜ்ஜை மாற்றி மூன்று மாதம் ஆகியிருந்தது. மஜ்ஜை என்னுடையது. சென்னையில் மாற்றி, விக்கிரமங்கலத்தில் அவள் வாழ்க்கைப்பட்ட வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வெள்ளணு மறுபடி இறங்கியதால் அதை ஏற்ற தினம் ஒரு ஊசி. குளிரிலேயே இருக்க வேண்டிய மருந்து. பெரம்பலூரில் வாங்கி, ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் வைத்து, அரியலூரில் பஸ் மாறி, மடியை விட்டு இறக்காமல் கொண்டுபோவேன். ஊர் நர்சம்மா வந்து போட்டுவிடுவார்.

ஊசி தொடங்கிய நான்காம் நாள் நிலைப்படியில் வேப்பிலை செருகியிருந்தது.

உள்ளே அவள் இலை பரப்பிய பாயில் கிடந்தாள். கழுத்திலும் கைகளிலும் தடிப்புத் தடிப்பாகச் சிவப்பு. தொட்டால் வலி, மேலெல்லாம் காய்ச்சல். அதன்மேல் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசியிருந்தது. கழுவாத இலை, அம்மியில் அரைத்தது. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைத் தவிர எதுவும் அண்டக்கூடாத உடம்பு அது. கதவில்லாத வீடு மாதிரி, எது வேண்டுமானாலும் உள்ளே போகலாம்.

"அம்மா வந்திருக்கா தம்பி," என்றார் அவள் மாமியார். "இனிமே ஊசி கீசி ஆகாது. நர்சம்மாவ வர வேணாம்னுட்டேன். நீங்களும் கெளம்புறப்ப சொல்லிக்காம போங்க. அம்மா இருக்குற வூட்டுல போயிட்டு வரேன்னு சொல்லக் கூடாது."

கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தங்கையின் தட்டையும் டம்ளரையும் கொதிநீரில் போட்டெடுத்த கைகள் அந்த அம்மாளுடையவை என்பது மறந்துபோனது. ஊசி போட்டே ஆக வேண்டும் என்று பிளாஸ்க்கை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

தங்கை பாயிலிருந்தபடியே சொன்னாள்: "ஒன் எலும்புலேருந்து வந்த ரத்தம்ண்ணே. கோவத்துல செவந்துதான் கெடக்கும்."

மாமியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

சென்னை டாக்டருக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "அந்த ஊசியாலயே சிலருக்கு இப்படி வரும் சார். அம்மையாவும் இருக்கலாம், இருந்தா இன்னும் ஆபத்து. பாக்காம சொல்ல முடியாது. இன்னைக்கு ஊசி போடாதீங்க. பூசினதக் கழுவிட்டு ஒடனே கூட்டிட்டு வாங்க."

ஊசி போடாதீங்க. அந்த அம்மாள் சொன்னதும் அதுதான். யார்மேல் பாய்வது என்று தெரியாமல் என் கோபம் நடு வீட்டில் நின்றது. வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரியில் தந்த தாளை எடுத்துப் புரட்டினேன். காய்ச்சல் இருந்தது, வயிற்றுப்போக்கு இருந்தது, வாய்ப்புண் இருந்தது. தோல் என்ற ஒரு சொல் இல்லை. அந்தச் சொல் இல்லாத இடத்தில்தான் அம்மா வந்து உட்கார்ந்திருந்தாள்.

"தலைக்குத் தண்ணி ஊத்தாம வாசப்படி தாண்டக் கூடாது," என்று மாமியார் வழியில் நின்றார். "புள்ளைக்கு எதாவது ஆயிட்டா?"

"அதுக்குத்தான் அத்தை கூப்புடுறேன்," என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

தங்கை தானே எழுந்தாள். காய்ச்சி வைத்திருந்த தண்ணீரை மொண்டு மஞ்சளைக் கழுவினாள். ஒவ்வொரு தடிப்பின்மேலும் கை போகும்போது உதட்டைக் கடித்தாள். பார்த்துக்கொண்டிருந்த மாமியார் கொஞ்சம் பொறுத்து, சொம்பை வாங்கித் தானே ஊற்றினார்.

தோலில் ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்து, அம்மை இல்லை, ஊசியின் வேலைதான் என்று பிறகு சொன்னார்கள்; மாத்திரையில் அடங்கியது. அன்று அந்த வாசலில் அது எங்கள் யாருக்கும் தெரியாது.

அரியலூரிலிருந்து கார் வந்தது. ஏறி உட்கார்ந்த தங்கை மாஸ்க்கை மோவாய்க்கு இறக்கி, நிலைப்படி வேப்பிலையை ஒரு பார்வை பார்த்தாள்.

"அத்தை, நான் போயிட்டு வரேன்."

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கார் நகர்ந்த பிறகுதான் கையை எடுத்தார்.

"வந்துரு."