அலுமாரிக்குள் இருந்த ஆறு மடிக்கணினிகள்

சண்டை ஓய்ந்து இரண்டு மூன்று வருடங்கள் ஆகியிருக்கும். யாழ்ப்பாணத்தில் புத்தூர்ப் பக்கம் ஒரு சிறிய ஆரம்பப் பாடசாலையில் நான் ஐந்தாம் வகுப்புக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அங்கே படித்து வெளிநாட்டில் குடியேறிய ஒருவர் விடுமுறையில் வந்தபோது, பிள்ளைகளுக்கென்று ஆறு சின்ன மடிக்கணினிகளைக் கொண்டுவந்து தந்தார்.

அதுவரை கணினி என்றால் அதிபரின் அறையில் மேசையை அடைத்துக்கொண்டு நின்ற பெட்டிதான் எங்களுக்குத் தெரியும். இவையோ ஒரு பெரிய கொப்பியளவுதான். மடித்தால் புத்தகப் பைக்குள் போய்விடும். பிள்ளைகளின் கையிலேயே கொடுக்கவேண்டும் என்றுதான் கணினியை இப்படிச் சின்னதாகவும் மலிவாகவும் செய்யத் தொடங்கியிருக்கிறார்கள், விழுந்தாலும் இலேசில் உடையாது என்று அவர் விளங்கப்படுத்தினார். பிள்ளைகள் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார்கள்.

அதிபர் அவற்றை என் பொறுப்பில் விட்டார். பொருட்பதிவேட்டில் கையெழுத்து வைத்த அன்றே எனக்குப் பயம் பிடித்துவிட்டது. முன்பு ஒருமுறை பாடசாலை வானொலி பழுதானதற்கு மூன்று தடவை விளக்கக் கடிதம் எழுதியவள் நான். ஆறையும் இரும்பு அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். மேலிடத்திலிருந்து யாராவது வந்தால் எடுத்து மேசையில் அடுக்குவேன். பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு சுற்றி நிற்பார்கள். வந்தவர்கள் போனதும் திரும்ப அலுமாரிக்குள்.

வகுப்பில் வெங்காயத் தோட்டம் செய்யும் குடும்பத்துப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து, "ரீச்சர், இண்டைக்குத் திறப்பியளோ?" என்று கேட்பாள். பரீட்சை முடியட்டும் என்பேன். பரீட்சை முடிந்தது. தவணை முடியட்டும் என்றேன்.

பள்ளி வருடத்தின் கடைசி நாளும் வந்தது. அடுத்த தவணைக்கு அவள் வேறு பாடசாலை. எல்லாரும் போன பிறகு வாசலில் நின்றாள். கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"வடிவாச் சவுக்காரம் போட்டுக் கழுவீட்டு வந்தனான் ரீச்சர். ஒருக்காத் தொட்டுப் பாக்கட்டே?"

இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாள். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"பழுதாக்கிப்போடுவாய் பிள்ளை. பெரிய பள்ளிக்கூடத்திலை உதுகள் இருக்கும், அங்கை போய்ப் பார்."

"ஓம் ரீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனாள். முகம் கோணியிருந்தால்கூட எனக்கு இப்போது கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

ஐந்தாறு வருடம் கழித்துப் புதிய அதிபர் அவற்றை எடுக்கச் சொன்னார். அதற்குள் வீட்டுக்கு வீடு தொடுதிரைத் தொலைபேசி வந்துவிட்டது. எடுத்துப் பார்த்தால் பற்றரிகள் வீங்கி அடிமூடி பிளந்திருந்தது. ஒன்றுகூட உயிர் பெறவில்லை. யாழ்ப்பாண நகருக்குக் கிட்ட, திருநெல்வேலியில் திருத்துகிற கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். திரையின் மேல் ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்ரிக் தாளைக்கூட யாரும் உரிக்கவில்லை.

"பாவிச்சிருந்தா இவ்வளவு மோசமாப் போயிருக்காது ரீச்சர். இதுக்குரிய பற்றரி இப்ப வாறேல்லை" என்றார். ஆறையும் திரும்பப் பைக்குள் அடுக்கினேன்.

ஓய்வுபெற்ற பிறகு, போன வருடம், கொடிகாமத்தில் ஒரு புடவைக் கடைக்குப் போனேன். துணி எடுத்துக் காட்டிய பெண் என்னையே பார்த்துச் சிரித்தாள். அந்த வெங்காயத் தோட்டத்துப் பிள்ளை, அவள்தான். உட்காரக் கதிரை இழுத்துப் போட்டாள். என்ன படித்தாய் என்று கேட்டேன். உயர்தரம் முடித்து, திருநெல்வேலியில் கணினி வகுப்பில் சேர்ந்தாளாம். இரண்டு கிழமையில் விட்டுவிட்டாளாம்.

"மற்றப் பிள்ளையள் எல்லாம் டக்டக்கெண்டு அடிக்குங்கள் ரீச்சர். எனக்குக் கை வைக்கவே பயம். என்னவும் பழுதாக்கிப்போடுவனோ எண்டு சும்மா பாத்துக்கொண்டு இருந்தன்."

சிரித்துச் சிரித்துத்தான் சொன்னாள். எனக்கு மேசையில் விரித்திருந்த துணி கண்ணுக்குத் தெரியவில்லை. அந்தச் சொல் யாருடையது என்று அவளுக்கு நினைவில்லை. எனக்கு நினைவிருந்தது.

புறப்படும்போது கேட்டாள்: "அந்தக் குட்டிக் கொம்பியூட்டருகள் இப்பவும் இருக்கே ரீச்சர்? பிள்ளையள் பாவிக்கினமே?"

"ஓம்" என்றேன்.

உண்மையைச் சொல்லி அவளிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று பிறகு இரண்டு தடவை கொடிகாமத்துக்கு பஸ் ஏறினேன். இரண்டு தடவையும் கடையைக் கடந்துபோய்த் திரும்பிவிட்டேன். ஒரு பொருளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து என் பயத்தை ஒரு பத்து வயதுப் பிள்ளைக்குள் இறக்கிவைத்துவிட்டேன், அதை எடுத்துவிடும் வழி ஆசிரியையாக முப்பது வருடம் இருந்த எனக்கு இன்னும் தெரியவில்லை.