உராய்வு என்று போட்டிருந்தது

எங்கள் வீட்டுக்கு நாளிதழ் மூட்டையாகத்தான் வரும். சரவெடிக்குக் குழாய் உருட்டுவதற்காகப் பட்டாசுக் கம்பெனி எடைபோட்டு அனுப்பும் பழைய தாள்கள். அம்மா அவற்றை அளவாகக் கிழித்து, கம்பியில் சுற்றி, பசை தடவி உருட்டுவாள். நான் படித்து முடித்த பிறகுதான் கிழிக்கக் கொடுப்பேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அந்த வருஷம் பிளஸ் டூ. கிழியப்போகிற தாளைக்கூட விட மனசு வராது.

"என்னைக்கோ நடந்ததப் படிச்சு என்னத்துக்கு ஆகப்போகுது? கம்பியப் பிடிடீ" என்பாள் அம்மா.

எந்த வருஷத்துத் தாளை எடுத்தாலும் சிவகாசிப் பக்கத்து வெடிவிபத்து ஒன்று இருக்கும். ஊர் மாறும், இறந்தவர்களின் வயது மாறும். காரணம் மட்டும் மாறாது. உராய்வு. வெடிமருந்துக் கலவையில் உராய்வு ஏற்பட்டு வெடித்தது என்று போட்டிருப்பார்கள். முதலில் நானும் நம்பினேன். உராய்வுக்கு இரண்டு பொருள்கள் வேண்டும் என்று இயற்பியல் வகுப்பில் படித்த பிறகு சந்தேகம் வந்தது. எதோடு எது உரசியது? ஒரு செய்தியிலும் இல்லை. அறை தரைமட்டம், உள்ளே இருந்தவர்கள் ஒருவரும் பிழைக்கவில்லை என்று எழுதிய செய்தியிலும் மறுநாள் காலையிலேயே அந்தச் சொல் வந்திருந்தது. உரசியதை யார் பார்த்தது? அந்தச் செய்திகளை மட்டும் வெட்டியெடுத்து என் புத்தகப் பையின் அடியில் சேர்த்துவைத்தேன்.

அந்தத் தீபாவளி சீசனில் அப்பா வேலைபார்த்த கம்பெனியிலேயே வெடித்தது. இரண்டு அறை தள்ளி இருந்ததால் அப்பா காதடைப்போடு தப்பினார். வெடித்த அறையில் வேலைபார்த்த எதிர்வீட்டு அத்தை மட்டும் தீக்காயத்தோடு மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

சாயங்காலமே போர்மேன் வந்தார். சட்டைப்பையில் புது செல்போன், கையில் ஒரு தாளும் மை டப்பாவும்.

"அண்ணாச்சி, ஒரே ஒரு ரேகை. நீங்க பாத்ததுக்குச் சாட்சி, அம்புட்டுத்தான்."

அப்பா கட்டைவிரலால் மையைத் தொட்டுவிட்டார். யார் எந்தத் தாளை நீட்டினாலும் அவருக்கு அதுதான் பழக்கம். நான் தாளைப் பிடுங்கினேன்.

மூன்றாவது வரியில் அந்தச் சொல். அதற்கு முன்னால் எதிர்வீட்டு அத்தையின் பெயர். மருந்துத் தட்டை அவள் தரையில் இழுத்ததால் உராய்வு ஏற்பட்டதாம். சத்தமாக வாசித்தேன்.

அப்பா போர்மேனைப் பார்த்தார். "அந்தப் பிள்ள தட்டத் தொடவே இல்லையே. தண்ணி குடிக்க வாசலுக்கு வந்துச்சு. முந்தின நாள் மிஞ்சுன மருந்து, மழையில ஈரம் பட்டு, காலையிலேயே சூடேறிக் கெடந்துச்சுன்னு உங்ககிட்டயே சொன்னேன்ல?"

போர்மேன் என் பக்கம் திரும்பினார். "தாயி வக்கீலுக்குப் படிக்கீகளோ? பேப்பர்ல எப்பவும் இப்படித்தான் போடுவாக."

"எப்பவும் போடுதாகன்னு எனக்கும் தெரியும். எல்லாம் எங்கிட்ட இருக்கு."

பையைத் தலைகீழாகக் கொட்டினேன். புத்தகங்கள் மட்டும் விழுந்தன. அம்மாவைப் பார்த்தேன். அவள் மூலையில் அடுக்கியிருந்த குழாய்களைப் பார்த்தாள்.

"அளவா வெட்டி இருந்துச்சேடீ. ஆர்டருக்குத் தாள் பத்தல. எனக்காக வெட்டி வச்சிருக்கேன்னுல்ல நெனச்சேன்..."

போர்மேனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அம்புட்டும் குழாயாப் போச்சா! சரி அண்ணாச்சி, நீங்க ரேகைய வைங்க."

அப்பா விரலை வேட்டியில் அழுத்தித் துடைத்தார். "எம்மக படிச்சுக் காட்டிட்டா. இதுல வைக்க மாட்டேன்."

"அப்ப நாளைக்கு வேலைக்கு?"

"கூப்பிடலேன்னா வரல."

போர்மேன் மை டப்பாவை மூடிக்கொண்டு போனார்.

மறுநாள் டீக்கடையில் கேட்டு அன்றைய நாளிதழை வாங்கிவந்தேன். அப்பா குளிக்காமல் காத்திருந்தார்.

"அந்த வார்த்தை போட்டிருக்கா?"

"போட்டிருக்குப்பா."

"அந்தப் பிள்ள தட்ட இழுத்துச்சுன்னு போட்டிருக்கா?"

மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை தேடினேன். காயம்பட்டவள் என்பதோடு அத்தையின் பெயர் முடிந்திருந்தது.

"இல்லப்பா."

"நல்லாப் பாரு. எங்கனயாவது ஒளிச்சு வச்சிருப்பாக."

ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்து மூன்றாம் முறை வாசித்தேன். இல்லை. அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு மதுரை பஸ்ஸுக்குக் கிளம்பினார். கட்டைவிரலில் மை இன்னும் போகவில்லை.

அம்மா பழக்கதோஷத்தில் தாளுக்குக் கை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை.