கண்ணாடியில் ஒட்டிய நூற்றிருபது கிலோ

பழைய இரும்புக் கிடங்கின் வாசலில் லாரி எடைமேடை. அதை இயக்குபவருக்கு வயது நாற்பத்தெட்டு. தினம் அறுபது லாரி. சரக்கோடு ஒருமுறை, இறக்கியபின் ஒருமுறை எடைபோட்டுச் சீட்டு தருவார். ஓட்டுநர்களுக்கு அவர் ‘மேடைக்காரர்’. போன புத்தாண்டுக்குப் பிறகு ‘நூத்தியிருபது’.

அந்தப் பெயரைச் சூட்டியவன் மனைவியின் தம்பி, கிடங்கின் மேற்பார்வையாளன். புத்தாண்டுக் காலையில் மேடையைக் கூட்டிக்கொண்டிருந்தவரை, அறைக்குள்ளிருந்து சத்தமில்லாமல் எடைபோட்டுவிட்டான். சீட்டில் வண்டி: மாமா. சரக்கு: தொப்பை. எடை: 120 கிலோ. அதை ஜன்னல் கண்ணாடியில் எல்லோரும் படிக்கும்படி ஒட்டினான். ஓட்டுநர்கள் சிரித்ததைப் பொறுத்துக்கொண்டார். வீட்டில் சொன்னபோது மனைவியும் சிரித்தாள். அதைத்தான் அவரால் விழுங்க முடியவில்லை.

மறுநாள், “கிழிடா அதை” என்றார்.

“ஏன் மாமா, மெஷின் பொய் சொல்லுமா? அடுத்த வருஷம் முதல் தேதி எம்பது காட்டுங்க. என் கையாலயே கிழிக்கிறேன்.”

“அன்னிக்கு நீயும் ஏறணும்.”

“அன்னிக்கு என்ன, இப்பவே ஏறுறேன்.” ஏறினான். 80 என்று காட்டியது. மீசையைத் தடவிக்கொண்டே இறங்கினான்.

டன் கணக்கில் நிறுக்கும் மேடை அது. எண்கள் இருபது இருபதாகத்தான் தாவும். தொண்ணூறுக்குக் கீழே இருந்தால் 80, மேலே போனால் 100. மச்சினன் உண்மையில் எண்பத்தைந்துக்குக் குறைய மாட்டான் என்று மேடைக்காரர் கண்ணாலேயே போட்டுவிட்டார். பதினெட்டு வருடம் எடை பார்த்த கண். அவர் இறங்க வேண்டியது முப்பது கிலோ. அவனை ஏற்ற வேண்டியது ஐந்தோ ஆறோ.

சர்க்கரை எல்லை தாண்டுகிறது, நடங்கள் என்று டாக்டர் இரண்டு வருடமாகக் கெஞ்சியிருந்தார். அப்போது அசையாத மனிதர் இப்போது விடிவதற்குள் எழுந்து நடந்தார். கிடங்கிலும் உட்காரவில்லை. முன்பெல்லாம் மைக்கில் “பின்னாடி போ, பின்னாடி போ” என்று கத்துவார். இப்போது ஒவ்வொரு லாரியையும் சுற்றி வந்து, சக்கரமெல்லாம் மேடைக்குள் நிற்கிறதா என்று பார்த்தார். ஒரு லாரிக்கு இரண்டு சுற்று. கால் கடுக்கும்போது கண்ணாடியைப் பார்ப்பார். வெயிலில் வெளுக்கத் தொடங்கிய சீட்டைப் பார்த்ததும் கால் தானாக நகரும்.

மதியச் சாப்பாடு நான்கு அடுக்கு கேரியரில் வரும். காய்கறி அடுக்கும் கொஞ்சம் சோறும் அவருக்கு. மீதிச் சோறு, பொரித்தது, இனிப்பு எல்லாம் மச்சினனுக்கு.

“உங்கக்கா குடுத்து விட்டா, மாப்ள. நீ கடையில சாப்பிட்டு இளைச்சுப் போயிட்டியாம்.”

“அக்கான்னா அக்காதான்!” என்று அவன் வழித்துச் சாப்பிடுவான்.

அவர் எதிரே உட்கார்ந்து கடைசி வாய்வரை பார்ப்பார். வருடத்தில் அவர் ருசித்த விருந்து அதுதான்.

வீட்டில் மனைவிக்குக் கவலை பிடித்துக்கொண்டது. “கேரியரை வழிச்சுத் தின்னுட்டு வர்றீங்க, உடம்பு மட்டும் கரையுதே! எதுக்கும் டாக்டரைப் பாருங்க.”

டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துக் கைகொடுத்தார். சர்க்கரை இறங்கியிருந்தது. மேடைக்காரருக்கு அது காதிலேயே ஏறவில்லை. “எடை எவ்ளோ டாக்டர்?” தொண்ணூற்றொன்று. புத்தாண்டுக்கு இன்னும் மூன்று வாரம். அன்றிலிருந்து லாரிக்கு மூன்று சுற்று.

ஜனவரி முதல் தேதி. செய்தி எப்படியோ பரவி, ஏழெட்டு ஓட்டுநர்கள் கூடிவிட்டார்கள். மேடைக்காரர் இரும்பு வைத்த பூட்ஸைக் கழற்றினார். சாவிக்கொத்தைக் கீழே வைத்தார்.

“இதெல்லாம் போங்கு மாமா! பூட்ஸோட ஏறுங்க.”

“வெத்து வண்டிக்கு எடை போடறப்ப சரக்கை இறக்குவியா, மாட்டியா?”

ஓட்டுநர்கள் விசிலடித்தார்கள். ஏறினார். எண்கள் துடித்து 80-இல் நின்றன.

“இப்ப நீ ஏறு. நீயும் கழட்டிக்கோ, பரவாயில்ல.”

மச்சினன் பூட்ஸைக் கழற்றினான். பெல்ட்டையும் கழற்றினான். 100. இறங்கி, மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி ஏறினான். 100.

“மெஷின் பொய் சொல்லுமா மாப்ள?”

சொன்னபடி அவனே பழைய சீட்டைக் கிழித்தான். அதே இடத்தில் மேடைக்காரர் புதிய சீட்டை ஒட்டினார். வண்டி: மாப்பிள்ளை. சரக்கு: அக்கா சமையல். எடை: 100 கிலோ.

அதைப் படித்ததும்தான் அவனுக்கு உறைத்தது. “ஒரு வருஷமா... திட்டம் போட்டா சோறு போட்டீங்க?”

“பின்ன, பாசமா?”

அன்று மதியம் அவன் கேரியர் பக்கமே வரவில்லை.

மறுநாள் விடியற்காலை மேடைக்காரர் வழக்கம்போல் நடந்தார். தெருமுனை தாண்டியதும் பின்னால் புதிய ஷூவின் சத்தம். மூச்சு வாங்கிக்கொண்டே மச்சினன் கத்தினான்: “அடுத்த ஒண்ணாந்தேதி பாக்கலாம் மாமா!”

அவர் திரும்பவில்லை. நடையைக் கூட்டினார்.