பிரேக் தொட்டிக்கு வைத்த பொட்டு

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் மயிலாப்பூரில் நான் வாடகைக் கார் ஓட்டினேன். சொந்தக் கார். அதற்கு முன்னால் லஸ் பக்கம் ஒரு வக்கீல் வீட்டில் டிரைவராக இருந்தேன். குண்டு விழப்போகிறது என்று ஊரே மூட்டை கட்டியபோது வக்கீலும் கிளம்பினார். போகிற அவசரத்தில் பழைய காரை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். நானும் சந்தோஷமாகத்தான் தலையைக் கொடுத்தேன். இனிமேல் ஒருத்தன் வீட்டு வாசலில் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம் என்பதே எனக்குப் பெரிதாக இருந்தது.

பெட்ரோல் கூப்பனுக்குத்தான் கிடைக்கும், அதுவும் போதாது. அதனால் எல்லாரையும் போல நானும் வண்டியின் பின்னால் கரி அடுப்பு ஒன்றைக் கட்டி, அதன் புகையில் ஓட்டினேன். அந்த அடுப்பின் கனம் கொஞ்சநஞ்சமல்ல. காலை அழுத்தினால் வண்டி நிற்பதற்கு முன் ஒரு முறை யோசிக்கும். பிரேக்குக்கு என்று சீமையிலிருந்து வருகிற எண்ணெயும் கடைகளில் இல்லை. தேனாம்பேட்டையில் ஷெட் வைத்திருந்த பாய்தான் என் மெக்கானிக். அவர் விளக்கெண்ணெயையும் ஸ்பிரிட்டையும் கலந்து ஒரு சரக்கு தயார் பண்ணுவார். வண்டிக்கு அது ஒத்துக்கொண்டது. விளக்கெண்ணெய் என் வீட்டு அடுக்களையிலிருந்து போகும்.

அது லேசாகக் கசியும். அடிக்கடி பார்த்து ஊற்ற வேண்டும். டிரைவர் கால் வைக்கிற பலகையைத் தூக்கினால், கீழே இருட்டில் பிரேக் எண்ணெய்த் தொட்டியின் மூடி தெரியும். நான் ஊற்றும்போது என் மனைவி அரிக்கன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "இது இன்னாங்க, நம்மளவிட ஜாஸ்தியா எண்ணெ குடிக்குது" என்பாள். "குடிக்கலைன்னா நிக்காது" என்பேன். அந்த வண்டியைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அவளைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். எங்களுக்கு ஒரு குழந்தை பிறந்து, தங்காமல் போயிற்று. ஜுரத்தில் போன குழந்தை. டாக்டரே கைவிட்டது. ஆனால் அவள் மாதக்கணக்கில் தன் கையில்தான் குற்றம் தேடினாள். எந்த வெள்ளிக்கிழமை விளக்கேற்ற மறந்தோம், எந்த வேண்டுதலை பாக்கி வைத்தோம் என்று நடுச்சோற்றில் கையை நிறுத்திவிட்டு யோசிப்பாள். நான் கோபக்காரன். "போதும் நிறுத்து" என்று கத்தியிருக்கிறேன். கத்தினால் நிறுத்துவாள், வாயை மட்டும்.

அந்த வருஷம் ஆயுத பூஜையை அவள் பெரிதாகச் செய்தாள். வண்டி வந்த பிறகு வந்த முதல் பூஜை. பூஜை முடிந்த அடுத்த வாரம் வண்டிக்கு வருஷாந்திர சோதனை வேறு இருந்தது. இன்ஸ்பெக்டர் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும், பிரேக் பிடித்து நிறுத்திக் காட்ட வேண்டும். தேறாவிட்டால் வாடகைக்கு ஓட்டுகிற பர்மிட் போய்விடும். பர்மிட் போனால் வண்டி வெறும் தகரம். இது அவளுக்கும் தெரியும். அதனால் வீட்டில் இருந்த அரிவாள்மணை, கத்தரிக்கோல், ரவிக்கை தைத்துக் கொடுக்கிற அவளுடைய தையல் மிஷின், என்னுடைய ஸ்பானர்கள் எல்லாவற்றையும் துடைத்து, எண்ணெய் போட்டு, சந்தனமும் குங்குமமும் வைத்தாள். நான் பூவும் எலுமிச்சம்பழமும் வாங்கக் கோயில் பக்கம் போயிருந்தேன். திரும்பி வந்தபோது வண்டி கல்யாணப் பெண் போல நின்றது.

மறுநாள் சவாரி எடுத்தேன். ஒன்றும் தெரியவில்லை. அதற்கடுத்த நாள் மாம்பலத்துக்கு ஒரு சவாரி. பனகல் பார்க் தாண்டியதும் வண்டி இழுக்கத் திணறியது. காலை எடுத்த பிறகும் பிரேக் விடவில்லை. இறங்கிச் சக்கரத்து டிரம்மைத் தொட்டேன், தோசைக்கல் மாதிரி சுட்டது. சவாரிக்காரரைக் கையெடுத்துக் கும்பிட்டு ஒரு ஜட்காவில் ஏற்றிவிட்டு, ஆறவிட்டு ஆறவிட்டு வண்டியைப் பாய் ஷெட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

பாய் நாலு சக்கரத்தையும் கழற்றினார். பிரேக்கை அழுத்தித் தள்ளுகிற உருளைக்குள் கிண்ணம் போல ரப்பர் வைத்திருப்பான், அதை வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். சுண்டலுக்கு ஊறப்போட்ட கொண்டைக்கடலை மாதிரி உப்பியிருந்தது. சக்கரத்துக்குச் சக்கரம் அப்படியே. பாய் விரலில் எண்ணெயைத் தொட்டுத் தேய்த்து, மூக்கில் வைத்துப் பார்த்தார்.

"நைனா, இது நம்ம சரக்கு இல்ல. மிஷின் எண்ணெ. ரப்பருக்கு வெசம். எவன் ஊத்துனது?"

"எவன் ஊத்துவான் பாய்?" என்று எரிந்து விழுந்துகொண்டே பலகையைத் தூக்கினேன்.

தொட்டியின் மூடி சுத்தமாகத் துடைக்கப்பட்டிருந்தது. அதன் நடுவில் ஒரு சந்தனப் பொட்டு. அதற்கு மேலே குங்குமம், அளவெடுத்தது போல, கொஞ்சம்கூடக் கலையாமல். அந்த இருட்டில் அதை வைக்க அவள் வயிற்றை இருக்கையில் அழுத்திக் குப்புறப் படுத்திருக்க வேண்டும். தையல் மிஷினுக்கு என்று பொத்திப் பொத்தி வைத்திருந்த எண்ணெயைக் குப்பியோடு இதற்குக் கொடுத்திருக்கிறாள். விளக்கெண்ணெயைவிட உசத்தி என்றுதானே கொடுத்திருப்பாள்.

பாயும் பார்த்தார். என் முகத்தைப் பார்க்காமல் மூடியைத் துணியால் ஒரு தரம் துடைத்தார். பொட்டு போய்விட்டது. "ரப்பர் பூடுச்சி, அத்த பாப்போம்" என்றார்.

ரப்பருக்கு எங்கே போவது? மலேயா ஜப்பான்காரன் கைக்குப் போன பிறகு ரப்பர் சாமான் பார்ப்பதே அபூர்வம். மவுண்ட் ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கினேன். மூர் மார்க்கெட்டில் பழைய இரும்புக் குவியலை எல்லாம் கிளறினேன். அடையாற்றில் ஒரு பங்களா ஷெட்டில் இதே மாதிரி வண்டி சும்மா நிற்கிறது என்று கேள்விப்பட்டு ஓடினால், அதன் ரப்பர் வெயிலில் காய்ந்து கையில் பொடியாக உதிர்ந்தது. கடைசியில் பாய் பதம் பண்ணிய தோலை வாங்கி, கிண்ணமாக வெட்டி, விளக்கெண்ணெயில் ஊறவைத்து மாட்டினார்.

"ஒரு தபா நிக்கும் நைனா. ரெண்டாந் தபா அல்லாதான் பாத்துக்கணும்" என்றார்.

பொட்டைப் பார்த்த அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவளைத் திட்ட வார்த்தை சேர்த்துக்கொண்டே போனேன். நல்ல நல்ல வார்த்தைகள் கிடைத்தன. வாசலிலேயே நின்றிருந்தாள்.

"இன்னாங்க, வண்டிக்கு இன்னா சீக்குன்னு தெரிஞ்சுதா?"

சேர்த்துவைத்ததையெல்லாம் வாசலிலேயே விட்டேன். இவளிடம் சொன்னால் இதையும் கொண்டுபோய் அந்தக் குழந்தையின் பக்கத்தில் வைத்துக்கொள்வாள். அப்புறம் அவளை நான் எங்கே போய்த் தேடுவது?

"பழைய ரப்பர். காலமாயிடுச்சி" என்றேன்.

சோதனை கடற்கரைச் சாலையில். இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார்ந்து, வேகமாக ஓட்டி நிறுத்தச் சொன்னார். நின்றது. வண்டி நின்ற இடத்திலேயே எனக்கு அழுகை வந்தது. "இன்னொரு முறை" என்றார். அழுத்தினேன். பெடல் பலகை வரைக்கும் போய்ப் படுத்துக்கொண்டது. கைப் பிரேக்கை இழுத்தும் வண்டி ஓடிக்கொண்டே இருந்தது, கடைசியில் மணலில் இறக்கி நிறுத்தினேன். அவர் ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். கீழே இறங்கிச் சட்டையில் பட்ட கரித்தூளைத் தட்டிவிட்டு, "ஆள் சாகும் ஐயா" என்று மட்டும் சொன்னார். அதில் தப்பு கண்டுபிடிக்க முடியாது.

பர்மிட் போயிற்று. ஆதம்பாக்கத்திலிருந்து ஒருவர் வந்து, கிணற்றில் தண்ணீர் இறைக்க என்று எஞ்சினை மட்டும் கழற்றி மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். மிச்சம் எடைக்குப் போனது. நான் அடையாற்றில் ஒரு பங்களாவில் டிரைவராகச் சேர்ந்தேன். தொப்பி மறுபடி கைக்கு வந்தது.

அவள் விடவில்லை. பூஜையில் என்ன குறை வைத்தோம் என்று ஆரம்பித்துவிட்டாள். எலுமிச்சம்பழம் சரியாக நசுங்கவில்லையா, பூசணிக்காயை உடைத்தபோது ஒரு துண்டு உள்பக்கம் தெறித்ததா என்று அக்கம்பக்கத்துப் பெண்களிடமெல்லாம் கேட்டாள். செவ்வாய்க்கிழமை பட்டினி கிடந்தாள். குறை பூஜையில்தான் இருந்தது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. எது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. ஒரே அறையில் இரண்டு பேரும் இப்படிப் படுத்து எழுந்தோம். அந்த வருஷங்களில் எனக்குச் சாமி மேல் இருந்த வெறுப்பு கொஞ்சமில்லை.

அடுத்த ஆயுத பூஜைக்கு நான் பங்களாவுக்குக் கிளம்பும்போது ஒரு பொட்டலம் கொடுத்தாள். சந்தனம், குங்குமம், கூடவே நிறைய மிஷின் எண்ணெயோடு ஒரு குப்பி. அந்தக் காலத்தில் அதை எங்கே எப்படிச் சேர்த்தாளோ.

"அந்த வண்டிக்கு எண்ணெ ஊத்துனேனே, அது பத்தாம பூட்டிருக்கும். அதான் கோவம் சாமிக்கு. இந்தத் தபா முழுசா ஊத்திடுங்க" என்றாள்.

வாங்கிக்கொண்டேன். பங்களாவின் பெரிய கேட் திறக்கும்போதெல்லாம் கத்தும். குப்பி காலியாகும் வரை அதன் கீல்களுக்கு ஊற்றினேன். சாயங்காலம் வந்ததும் கேட்டாள்.

"ஊத்துனீங்களா?"

"ஊத்துனேன்."

"கால் பலகைக்குக் கீழ இருட்டுல கீதே, அதுக்கு?"

"அதுக்குத்தான் மொதல்ல."

காலிக் குப்பியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அடுத்த வருஷத்துக்கு இப்போதிலிருந்தே சேர்க்க வேண்டும் என்றாள்.