முர்தினி வீட்டு ஃப்ரீசர் நின்ற நாள்

எங்கள் சந்தில் முர்தினியைக் கண்டாலே ஆண்கள் வேகமாக நடப்பார்கள். வெள்ளிக்கிழமையென்றால் ஓட்டம்தான். அவர்கள் மசூதிக்குக் கிளம்பும் நேரம் பார்த்து வாசலில் நின்றுகொண்டு, "கம்ப்யூட்டரை அணைக்காம போங்க! நீங்க தொழுதுட்டு வர்றதுக்குள்ள நான் நகல் எடுத்துடறேன்" என்று சந்தே கேட்கக் கத்துவாள். எனக்கும் அவளை வாரத்தில் இரண்டு நாள் பிடிக்காது.

சர்க்கரை ஆலை அலுவலகத்தில் வேலை பார்த்தவள். ஆலையை மூடியதும் ஐஸ் செய்து விற்க ஆரம்பித்தாள். தன் மகளின் கல்யாணப் படங்கள் ஒருமுறை கம்ப்யூட்டரோடு போய்ச் சேர்ந்தன. அழுது தீர்த்தவள், பிறகு சும்மா இருக்கவில்லை. இணையத்துக்காக வீட்டுக்கு வீடு இழுத்திருந்த பொது வயரில் தன் முன்னறையில் நகல் சேமிக்கும் பெட்டியொன்றை மாட்டினாள். அன்றிலிருந்து ஒவ்வொரு வீட்டு கம்ப்யூட்டரின் முழு நகலும் வாராவாரம் அந்தப் பெட்டிக்குள் போய்விடும். யாரும் அவளைக் கேட்டுக்கொள்ளவில்லை, நன்றியும் சொல்லவில்லை.

இறைச்சி பங்கிடும் குர்பான் பெருநாள் முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலை. எதிர்வீட்டு கினந்தி, கம்ப்யூட்டரை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்கு ஓடினாள். பின்னாலேயே நானும் போனேன். கினந்தி, பார்வையற்றோர் பள்ளிக்காக அறிவியல் பாடநூலைத் தட்டச்சு செய்துவந்தவள். அன்று மாலைக்குள் அது புள்ளியெழுத்து அச்சகத்துக்குப் போகவேண்டும். தவறினால் அச்சகத்தில் அந்த முறை வேறு பள்ளிக்குப் போய்விடும், பிள்ளைகள் இன்னொரு வருஷமும் புத்தகமில்லாமல் காதால் கேட்டே படிக்கவேண்டும்.

"இபு, டிஸ்க் செத்துப்போச்சு. புத்தகம் போச்சு!" எங்கள் ஊரில் பெண்களை 'இபு', ஆண்களை 'பாக்' என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவோம்.

"டிஸ்க்தானே செத்தது? நீ ஏன் செத்தவ மாதிரி நிக்கிறே? உக்காரு."

புத்தகம் மட்டும் திரும்பினால் போதாது. அதைப் புள்ளியெழுத்தாக மாற்றும் மென்பொருளும் அந்தக் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. முழுசாகத்தான் மீட்கவேண்டும். முர்தினி புது டிஸ்க்கை மாட்டி, பெட்டியிலிருந்து வயரைச் செருகி, மீட்பை ஓடவிட்டாள். திரையில் பச்சைக் கோடு நத்தையாக நகர்ந்தது. முக்கால்வாசி தாண்டியிருக்கும், 'ஜெக்லெக்' என்று மின் மீட்டரின் சுவிட்ச் விழுந்து வீடு இருண்டது.

கொல்லையிலிருந்து அவள் கணவர் துக்கிமான் கைகால் ஈரத்தோடு எட்டிப்பார்த்தார். "மத்தியான லுஹர் தொழுகைக்குக் கைகால் கழுவிக்கலாம்னு மோட்டார் போட்டேன்..."

"தொழப் போற மனுஷனைத் திட்டக்கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கறேன். போங்க! இனிமே பக்கெட்டுல மொண்டு கழுவுங்க."

எங்கள் சந்தில் எல்லா வீட்டு மீட்டரும் அப்படித்தான், மின்சாரம் இழுப்பது கொஞ்சம் கூடினால் விழுந்துவிடும். மீட்பு முதலிலிருந்து தொடங்கியது. மோட்டார் நின்றது, விசிறி நின்றது, விளக்கும் நின்றது. கோடு கொஞ்சதூரம் போனதும் மூலையிலிருந்த பழைய ஃப்ரீசர் உறுமிக்கொண்டு கிளம்பியது. மறுபடி ஜெக்லெக்.

ஃப்ரீசருக்குள், விடியலில் ஊற்றிவைத்த தேங்காய்ப்பால் ஐஸ் பைகள். அன்று மாலை எங்கள் சந்து சர்ஜோனோ வீட்டு சுன்னத் விருந்துக்கானவை. ஓட்டம் நின்றால் உறையாது, புளித்துவிடும். வேறு வீட்டில் வைக்கலாமென்றால், பெருநாள் இறைச்சி அடைத்து எந்த ஃப்ரீசரிலும் ஈ நுழைய இடமில்லை. என் வீட்டிலும்தான்.

"வேண்டாம் இபு," என்றாள் கினந்தி. "சர்ஜோனோ சும்மா விடமாட்டார். இனி உங்ககிட்ட யாரும் ஐஸ் சொல்லமாட்டாங்க."

"ஐஸ் வேணும்னா நாளைக்குக் கூட செஞ்சுக்கலாம். நீ எழுதினதை யாரு செய்வா, நானா? எனக்கு தவளைக்கு எத்தனை அறை இதயம்னு கூடத் தெரியாது."

சொல்லிக்கொண்டே ஃப்ரீசரின் பிளக்கைப் பிடுங்கினாள். பிறகு திரைக்கு முன்னால் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவேயில்லை. புழுக்கத்தில் வேர்த்து வழிந்தது, முகத்தைத் துடைக்கவுமில்லை. பிற்பகலில் கம்ப்யூட்டர் உயிர்பெற்றது. கினந்தியின் மகள் படம் திரையில் சிரித்தது. புத்தகம் கடைசிப் பாடம்வரை அப்படியே இருந்தது. கினந்தி அதைப் புள்ளியெழுத்தாக மாற்றி, பென் டிரைவில் போட்டுக்கொண்டு, அவிழ்ந்த தலையைக்கூட முடியாமல் பைக்கில் பறந்தாள்.

ஐஸ் பைகளைத் திறந்தால் புளித்த வாடை. முர்தினி அவற்றைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, பெரிய கெட்டிலில் தேநீர் போட்டு, அதைத் தூக்கிக்கொண்டு விருந்துக்கு நடந்தாள்.

"ஐஸ் எங்கே இபு?" சர்ஜோனோ அத்தனை விருந்தினர் முன்னால் கேட்டார். "இந்தப் புழுக்கத்துல சுடத் தேநீரா? என் மானம் போகணும்னே செஞ்சீங்களா?"

"உறையலை. என் தப்புதான், பாக்."

அவ்வளவுதான் சொன்னாள். புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தையில்லை. எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ, விருந்தென்றும் பாராமல் காலையிலிருந்து நடந்ததை உரக்கச் சொல்லித் தீர்த்தேன். அவள் என் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள். அப்படியொரு பெண்ணைப் பக்கத்து வீட்டில் வைத்துக்கொண்டு, இத்தனை நாள் அவளைக் கேலி செய்த வாய் இது.

சர்ஜோனோ பதில் சொல்வதற்குள் கினந்தி வாசலில் வந்து நின்றாள். காலையில் உடுத்திய அதே வீட்டுத் துணி.

"வாங்கிக்கிட்டாங்க இபு. நாளைக்கே அச்சு."

ஆலை மூடிய நாளிலும் அழாத முர்தினி, கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். சர்ஜோனோ முதலில் ஒரு காலிக் கோப்பையை எடுத்துத் தேநீருக்கு நீட்டினார். மற்றவர்களும் நீட்டினார்கள். அன்று விருந்தினர் அத்தனை பேருக்கும் தேநீர் ஊற்றியது நான்தான்.